ஒப்பாரியில் என் பேரும் இருந்தது

போன பொங்கலுக்கு என் மகளோட சிநேகிதிகள் நாலு பேர் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். வரப்பில் நடந்தார்கள், வாய்க்காலில் கால் நனைத்தார்கள், கரும்பு தின்றார்கள். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, "அங்கிள், ஊர்ப் பாட்டு யாராவது பாடுவாங்களா?" என்றார்கள். எங்க வயலில் முப்பது வருஷம் நடவு நட்ட அம்மா ஒருத்தர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். எழுபது தாண்டியவர். கூப்பிட்டதும் வந்து, வெத்திலையைத் துப்பிவிட்டு இரண்டு நடவுப் பாட்டு பாடினார். பிள்ளைகள் கை தட்டத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது பாட்டு முடிந்தபோது ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. "ஏன் அங்கிள், சினிமாவுல வர்ற கிராமத்துப் பாட்டெல்லாம் ஜாலியா இருக்கு. நிஜமான பாட்டு ஏன் இவ்வளவு சோகமா இருக்கு?" என்று கேட்டது.

"சேத்துல நின்னு பாடுனா அப்படித்தாம்மா வரும்" என்று சொல்லி மழுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் கூச்சம். அந்தப் பதிலில் எங்க வீட்டுக் கதையும் இருக்கிறது. இப்போ உளுந்து விதைத்துவிட்டுச் சும்மா இருக்கிற நேரம். அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒப்பாரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்க பக்கத்தில் சோகப் பாட்டுக்கு அதுதான் தாய்.

நகரத்தில் இருக்கிறவர்கள் ஒப்பாரி என்றால் செத்த வீட்டில் கத்தி அழுவது என்று நினைக்கிறார்கள். யாராவது குறைபட்டுக்கொண்டே இருந்தால் "ஒப்பாரி வைக்காதே" என்று திட்டுகிறோம் இல்லையா, அதனால் வந்த வினை. அதற்கு ஒரு முறை இருக்கிறது. உயிர் போன உடனே வருவது வெறும் அழுகை. பொணத்தை நடுவீட்டில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றி, பொம்பளைகள் சுற்றி உட்கார்ந்த பிறகுதான் பாட்டு. இரண்டு பேர், மூன்று பேர் ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை போட்டு, தலையோடு தலை சாய்த்துக்கொள்வார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் இழுப்பில் சேர்ந்துகொள்வார்கள். ஒரு அடி பாடி, அதே அடியை ஒரு சொல் மாற்றித் திரும்பப் பாடுவார்கள். அடியின் கடைசியில் விம்மல். அந்த விம்மலுக்குள்தான் அடுத்த அடிக்கு மூச்சும் வார்த்தையும் தேடிக்கொள்கிறார்கள் என்று எங்க அப்பாயி சொல்லும். வெளியே சொந்தக்காரர்கள் புதிதாக வந்தால், வாசல் வரை போய்க் கட்டிப்பிடித்து, முதலிலிருந்து ஒரு சுற்று. வாசலில் ஆம்பளைகள் தப்பு அடிக்கிற இடத்தில் நிற்போம். பாட்டு உள்ளே, நாங்க வெளியே.

பாட்டின் சட்டம் பழசு. அது பாட்டி, பூட்டி காலத்திலிருந்து வருவது. செத்தவரைத் தங்கத்துக்கும் தேருக்கும் ஒப்பு வைக்கிற இடம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஒப்புச் சொல்லி அழுவதால்தான் ஒப்பாரி என்றும் சொல்வார்கள். அந்தச் சட்டத்துக்குள் நிரப்புகிற சரக்கு மட்டும் அந்தந்த வீட்டுடையது. செத்தவர் யாருக்கு என்ன செய்தார், யார் கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றினார்கள், யார் ஊற்றவில்லை, எந்த மகனுக்கு நஞ்சை போச்சு, எந்த மகளுக்கு ஒரு குடம்கூட வரவில்லை, எல்லாம் வந்துவிடும். செத்தவரைப் பார்த்துத்தான் பாடுவது. கேட்க வேண்டியவர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

இதுதான் நான் சொல்ல வந்தது. எங்க பக்கத்துச் சோகப் பாட்டு வெறும் சோகம் இல்லை. மனு கொடுக்க இடம் இல்லாதவர்கள் கொடுத்த மனு அது. மற்ற நாளில் பேசினால் அடி விழும், "வாயாடி" என்று பேர் வரும். பாட்டாகப் பாடினால் யாரும் தடுக்க முடியாது. சாவு வீட்டில் அழுகிறவள் வாயைப் பொத்த எந்த ஊரிலும் வழக்கம் கிடையாது.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்தியவன், சங்க இலக்கியம் எல்லாம் எங்க ஊர் நூலகத்தில் உரையோடு படித்ததுதான். தொல்காப்பியமே செத்தவருக்காக வருந்திப் பாடுவதைக் கையறுநிலை என்று பேர் சொல்லி வைத்திருக்கிறது. புறநானூற்றில் பாரி இறந்த பிறகு அவன் மகள்கள் பாடியது எல்லாருக்கும் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். எனக்கு அதைவிட மனசில் நின்றது பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு பாடியது. புருஷன் செத்த பிறகு தீயில் இறங்கப் போகிறாள், ஊர்ப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். அவள் புருஷனைப் பற்றிப் பாடவே இல்லை. அந்தப் பெரியவர்களைப் பார்த்துப் பேசுகிறாள். நெய் இல்லாத சோறும், எள் துவையலும், வேகவைத்த வேளைக் கீரையும் தின்று, பாய்கூட இல்லாமல் கல்லில் படுத்துக் கிடக்கிற கைம்பெண் வாழ்க்கையை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறாள். அதற்கு இந்தச் சுடுகாட்டுத் தீ எனக்குப் பெரிசில்லை என்கிறாள். தீயில் இறங்கியது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கு யாருக்குச் சொல்லப்பட்டது பாருங்கள். சபைக்கு. எங்க தெரு ஒப்பாரியும் அதேதான்.

ஆம்பளை அழுத பாட்டும் இந்தக் காவிரிக்கரையில் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பட்டினத்தார் தாய்க்குத் தீ மூட்டும்போது பாடியதாகச் சொல்கிற பாடல்களை இன்றைக்கும் பல சாவு வீடுகளில் பாடுகிறார்கள். சாமியாராகப் போனவர், எல்லாம் பொய் என்று பாடியவர், அம்மா செத்தபோது மட்டும் உடைந்து போனார். அதனால்தான் எங்க ஊர் ஆம்பளைகளுக்கு அந்தப் பாட்டு பிடிக்கிறது என்று நினைக்கிறேன். அழுவதற்கு அது ஒரு அனுமதிச் சீட்டு.

இனி வயலுக்கு வருவோம்.

இந்த டெல்டாவில் 1950-கள் வரைக்கும் நிலம் சில கைகளில்தான் இருந்தது. கோயில், மடம், மிராசுதார். உழைத்தது பண்ணையாள். குடும்பம் குடும்பமாகப் பண்ணைக்குக் கட்டுப்பட்டவர்கள். தப்புக்குச் சவுக்கடி, சாணிப்பால் ஊற்றுவது என்று தண்டனை இருந்த காலம். 1943 வாக்கில் பி. சீனிவாச ராவ் தஞ்சைக்கு வந்து விவசாயச் சங்கம் கட்டின பிறகுதான் அது நிற்கத் தொடங்கியது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்னாடி ஒரு பண்ணையாள் பெண் தன் குறையை எங்கே போய்ச் சொல்வாள்? தாலுகா கச்சேரிக்கா? கர்ணம் எழுதின கணக்கில் எத்தனை கலம் நெல் வந்தது என்று இருக்கும், கூலி அளந்த மரக்கால் சின்னது என்று இருக்காது.

அதை நடவுப் பாட்டு சொன்னது. நாற்று முடிச்சை விரித்து இருபது பேர் வரிசையாகக் குனிந்து நின்றால் ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். பாட்டின் தாளத்துக்குத்தான் கை போகும். பாட்டு நின்றால் வரிசை கலையும், வேலை பிந்தும். அதனால் வரப்பில் குடை பிடித்து நிற்கிற காரியக்காரருக்குப் பாட்டை நிறுத்தச் சொல்லவும் மனசு வராது. அவர் காதில் விழுகிற மாதிரியே, வேறு எந்த ஊர்க் காரியக்காரரையோ பாடுகிற மாதிரி, பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூடக் கரையேற விடாததைப் பாடிவிடுவார்கள். கேட்டால், "பாட்டுதானே சாமி" என்று பதில்.

எங்க தாத்தா மிராசுதார் இல்லை, குத்தகைதாரர்தான். அப்பா காலத்தில்தான் ஒன்பது மா சொந்தமாச்சு. (நகரத்து நண்பர்களுக்கு: மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி.) ஆனால் நடவாளுக்குக் கூலி அளந்தவர்களில் எங்க அப்பாவும் உண்டு. வரப்பில் நின்று அந்தப் பாட்டைக் கேட்ட காதில் எங்க வீட்டுக் காதும் உண்டு. இதைச் சொல்லாமல் எழுதினால் நேர்மை இல்லை.

பண்ணையாளின் துக்கத்தை ஊர் உலகமெல்லாம் கேட்கிற பாட்டாக ஆக்கியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் பிறந்து, மாயவரம் பக்கம் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்ன நந்தனார் கதையில் கொடுமைக்கார ஆண்டை கிடையாது. பாரதியார்தான் அந்த ஆண்டையைக் கொண்டு வந்தார். சிதம்பரம் போக ஒரு நாள் உத்தரவு கேட்டு நந்தன் கெஞ்சுகிறான். நாற்பது வேலி நிலத்தில் பயிரை ஏற்றி, அறுப்பை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. எங்க பக்கத்து ஆளுக்கு அந்த நாற்பது வேலி என்றால் என்ன என்று உடம்புக்கே தெரியும். 1860-களின் தொடக்கத்தில் காரைக்காலில் அச்சான அந்த நந்தன் சரித்திரக் கீர்த்தனை காலட்சேப மேடைகளில் ஊர் ஊராகப் போனது.

அதற்குப் பாயிரம் வாங்கப் பாரதியார் பட்ட பாட்டை உ.வே.சா. எழுதியிருக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ப் போய் வந்தார். இலக்கணப் பிழை இருக்கிற நூலுக்கு எப்படிப் பாயிரம் கொடுப்பது என்று பிள்ளை இழுத்தடித்தார். ஒரு நாள் பிள்ளை உள்ளே படுத்திருக்க, வெளியே காத்திருந்த பாரதியார் தன்பாட்டுக்கு நந்தன் பாட்டைப் பாட, உள்ளே இருந்தவர் மனசு கரைந்து, எழுந்து வந்து பாயிரம் எழுதிக் கொடுத்தாராம். இலக்கணம் தடுத்த கதவை அழுகை திறந்தது. இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம், நடவு வரிசையில் பாடின பெண்களுக்குப் பாயிரம் எழுத ஒருத்தரும் இல்லையே என்று தோன்றும்.

சட்டம் வந்த பிறகும் துக்கம் தீரவில்லை. நான் பிறந்தது 1968. அந்த வருஷம் டிசம்பர் 25 ராத்திரி, அப்போது ஒன்றாயிருந்த தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேரைத் தீ வைத்துக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட போராட்டத்தில் வந்த வினை. வழக்கு உயர் நீதிமன்றம் போய் குற்றம் சாட்டப்பட்ட நிலக்காரர்கள் விடுதலையானார்கள். நீதிமன்றம் கணக்கை மூடிவிட்டது. பாட்டு மூடவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு டிசம்பர் 25-க்கும் அங்கே கூடுகிறார்கள், பாடுகிறார்கள். அந்தப் பாட்டில் அரைப்படி வராமல் இருக்காது.

இன்னொரு துக்கம் கப்பல் ஏறியது. நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கூலிக்குப் போனவர்கள் ஆயிரமாயிரம். ரஜூலா கப்பல் பேரை எங்க பக்கத்துப் பெரியவர்கள் சொந்தக்காரர் பேர் மாதிரி சொல்வார்கள். அந்தப் பக்கம் இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் தனி. இங்கே பாடின தாலாட்டையும் ஒப்பாரியையும் அங்கே கொண்டுபோய், காரியக்காரர் இருந்த இடத்தில் கங்காணியை வைத்துப் பாடினார்கள். மலையகத்துக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை அந்தத் தோட்டப் பாட்டுகளைத் தேடித் தொகுத்து வைத்ததால் நமக்குத் தெரிகிறது.

எங்க அப்பாயியின் தங்கச்சி, சின்ன அப்பாயி என்போம். அதன் புருஷன் மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். காகிதமும் மணியார்டரும் வந்துகொண்டிருந்தன. 1942-ல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் இரண்டும் நின்றது. தோட்டத்துத் தமிழ் ஆட்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், காட்டில் காய்ச்சலிலும் பசியிலும் ஏராளமானவர்கள் செத்தார்கள் என்று சண்டை முடிந்து வந்தவர்கள் சொன்னார்கள். சின்ன அப்பாயி புருஷன் அந்தக் கணக்கில் இருந்தாரா என்று சொல்ல ஆள் இல்லை. செத்தார் என்று தெரிந்தால்தானே ஒப்பாரி வைக்கலாம்? பொணம் இல்லை, சேதி இல்லை, தாலியைக் கழட்டவும் முடியாது. சாவு விழாமல் ஒப்பாரி பாடினால் வீட்டுக்கு ஆகாது. அதனால் அது நடவில்தான் பாடும். மற்றவர்கள் பாடுகிற இடத்தில் சேராமல், தன் முறை வரும்போது மட்டும் கப்பலைப் பற்றி ஒரு பாட்டு. நான் பையனாக நாற்று முடிச்சு தூக்கிப் போட்டபோது கேட்டிருக்கிறேன். 1981-ல் அது சாகும்போது கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது.

இப்படிப்பட்ட பாட்டுகளைச் சேகரித்தவர்களுக்கு இருந்த பெரிய கஷ்டமே இதுதான். கேட்டவுடனே ஒப்பாரி பாட எந்தப் பெண்ணும் சம்மதிக்க மாட்டாள். அப்படியும் சேகரித்தார்கள். பெர்சி மக்வீன் என்கிற வெள்ளைக்கார ஐ.சி.எஸ். அதிகாரி சேர்த்த பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து, நம்ம தஞ்சாவூர் சரஸ்வதி மகால் "மலையருவி" என்று வெளியிட்டது. 1964-ல் பேராசிரியர் நா. வானமாமலை "தமிழர் நாட்டுப் பாடல்கள்" கொண்டு வந்தார். இதெல்லாம் இல்லையென்றால் பாதிக்கு மேல் மண்ணாகியிருக்கும். ஆனால் புத்தகத்தில் ஒப்பாரியைப் படிக்கும்போது எனக்கு ஒன்று குறையும். யார் வீட்டு வாசலில், யார் காதில் விழப் பாடியது என்பது அதில் இருக்காது.

இப்போ எங்க வீட்டுக் கதை.

நாங்க மூன்று பேர். அக்கா மூத்தது, எனக்கு எட்டு வயசு பெரியது. அடுத்து நான், அப்புறம் தம்பி. அக்காவுக்கு 1980-ல் கல்யாணம் ஆகி, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் போனது. அப்பா 1996 தை மாசம் சம்பா அறுப்பில் போய்ச் சேர்ந்தார். அக்கா வந்து இறங்கினதும் வாசலிலேயே ஆரம்பித்தது. எங்க அக்கா பேசினால் நாலு வார்த்தைக்கு மேல் பேசாது. அன்றைக்கு ஒரு மணி நேரம் நிற்கவில்லை. அப்பாவைத் தேரென்று பாடியது, மாலையென்று பாடியது. அப்புறம் மெதுவாகத் திரும்பியது. தான் எட்டாவதோடு நின்று தம்பிகளைத் தூக்கி வளர்த்தது, நடவுக்குப் போய்ச் சம்பாதித்த காசில் எனக்குப் பரீட்சைப் பணம் கட்டியது, மூன்று பிள்ளைக்கும் ஒரே வயிறாக இருந்தும் வயல் மட்டும் ஏன் இரண்டாகப் பிரிகிறது என்று அப்பாவிடம் கேட்டது. என் பேரைச் சொல்லியே பாடியது. நான் வாசலில் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தேன். மூங்கில் பிளந்த மாமா அரிவாளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

அது அப்பாவிடம் கேட்ட கேள்வி, எனக்கு இல்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அடுத்த வருஷம் அக்காவைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். ஒரு பட்டுப்புடவை, ஒரு கறவை மாடு. ஊர் வழக்கம் அதுதான். யாரும் எங்களைத் தப்பு சொல்லவில்லை.

சட்டம் என்ன சொன்னது என்று பிற்பாடுதான் படித்தேன். 1956 வாரிசுச் சட்டத்திலேயே அப்பா பங்கில் மகளுக்கும் உரிமை உண்டு. பரம்பரைச் சொத்தில் பிறப்புரிமை மட்டும் மகனுக்குத்தான். 1989-ல் தமிழ்நாடு அதை மாற்றி மகளுக்கும் சம பங்கு என்றது. ஆனால் அதற்கு முன்னாடி கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது. எங்க அக்கா அந்தக் கோட்டுக்கு வெளியே விழுந்தது. 2005-ல் மத்திய அரசு திருத்தம் வந்து கல்யாணம் ஆனவர்களையும் சேர்த்தது. அதற்குள் எங்க பாகப்பிரிவினை பதிவாகி எட்டு வருஷம். சட்டம் மெதுவாக, படிப்படியாக வந்து சேர்ந்த இடம் எது என்று பார்த்தால், எங்க தெரு ஒப்பாரி எந்தக் காலத்திலிருந்தோ நின்றுகொண்டிருந்த இடம். அண்ணன் தம்பி வீட்டில் தனக்கு ஒரு பிடி மண் இல்லை என்று அழாத ஒப்பாரியை நான் கேட்டதே இல்லை. சட்டசபைக்குக் கேட்க இத்தனை நாள் ஆச்சு. வாசலில் நின்ற எங்களுக்கு முதலிலேயே கேட்டது. கேட்காத மாதிரி இருந்தோம்.

அம்மா 2022 மார்கழியில் போனது. தம்பி பையன் ஏற்பாட்டில் மைக் செட்டோடு ஒரு ஒப்பாரிக் குழு வந்தது. நாலு பேர், ஒரு கீபோர்டு, ஒரு மேளம். வந்ததும் அம்மா பேர், பிள்ளைகள் பேர், பேரப்பிள்ளைகள் பேர் எல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. கூலிக்கு மாரடிப்பது என்கிற சொல்லே பழசுதானே. ஆனால் அந்தப் பாட்டில் அம்மா தெய்வம், மகன்கள் சிங்கம், மருமகள்கள் மகாலட்சுமி. கேட்க யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. எங்க அக்கா அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கொல்லைப்புறத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "ஏன்க்கா, அம்மாவுக்கு ஒரு வரிகூட நீ பாடலையே?"

அக்கா பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மைக்குல அவங்க பாடும்போது நான் எங்கடா பாடறது. அவங்களுக்கு நம்ம வீட்டுக் கணக்குத் தெரியுமா?"

கொஞ்ச நேரம் கழித்து, "அப்படியே பாடுனாலும் யாரு கேக்கப் போறா" என்றது.

1996-ல் ஒரு மணி நேரம் பாடியது என்னை அவ்வளவு சுடவில்லை. இந்த இரண்டு வார்த்தை சுட்டது. ஒப்பாரி நின்றுபோனால் குறை நின்றுபோச்சு என்று அர்த்தமில்லை. அதைச் சொல்ல இருந்த ஒரே இடமும் போச்சு, அவ்வளவுதான்.

வயலிலும் அதே கதைதான். முன்பு பாட்டு இல்லாமல் நடவு இல்லை. இப்போது பாதி வயலில் இயந்திர நடவு, மீதியில் நேரடி விதைப்பு. ஆள் நடவு என்றால் மேற்கு வங்காளம், பீகார் பக்கத்திலிருந்து பையன்கள் குழுவாக வருகிறார்கள். வேகமாக நடுகிறார்கள், குத்தகைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். போன சம்பாவுக்கு என் வயலில் நட்டவர்களில் ஒரு பையன் மட்டும் குனிந்தபடியே ஏதோ பாடினான். ஒரு சொல் புரியவில்லை. ஆனால் அடிக்கு அடி கடைசியில் ஒரு இழுப்பு இருந்தது. டீ கொடுக்கும்போது என்ன பாட்டு என்று கேட்டேன். கொஞ்சம் தமிழ் தெரிந்த இன்னொரு பையன், "வீடு பாட்டு" என்றான். சின்ன அப்பாயி ஞாபகம் வந்தது. எந்த நாட்டு வயலாக இருந்தாலும், வீட்டை விட்டு வந்து அடுத்தவன் சேற்றில் நிற்கிறவன் வாயில் வருவது இந்த ஒரு பாட்டுதான் போலிருக்கிறது. வரப்பில் நின்று கேட்கிற ஆள் இந்தத் தடவை நான்.

போன ஆடியில் வாய்க்காலை ஒட்டின ஒரு மாவை அக்கா பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குடா இது" என்று அக்கா முதலில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றது. அப்புறம் போட்டது. இதைப் பெருமைக்கு எழுதவில்லை. கணக்கு எங்க வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒன்பது மாவை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு மூன்று மா. எனக்கு வந்தது நாலரை. நான் கொடுக்க வேண்டியது ஒன்றரை, கொடுத்தது ஒன்று. தம்பி பங்கு அவன் மனசு.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதாம்மா. எங்க ஊர்ப் பாட்டு சோகமாக இருப்பதற்குக் காரணம், அதில் பாக்கி இருக்கிறது. என்னிடம் இன்னும் அரை மா பாக்கி. அக்கா எனக்கு முன்னாடி போகாமல் இருந்தால், என் வாசலில் யாரும் மைக் கட்டாமல் இருந்தால், அதை அது பாடும்.